மூன்று பேர் வீட்டில் கிறிஸ்மஸ்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலையின் பொருட்டு உறவினர் எவரும் இல்லாத ஊருக்கு நாங்கள் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நானும் கணவரும் ஆறு வயது மகளும் மட்டுமே இங்கு இருக்கிறோம். தாத்தா வீட்டில் முப்பது பேர் கூடிக் கொண்டாடிய நாள்களை நினைத்து, சென்ற ஆண்டு மரம், விளக்கு, பரிசு, விருந்து என எதையும் விடாமல் செய்தோம். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிவிட்டது. மாலை முழுவதும் கைபேசியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் அழுதுவிட்டேன். இத்தனை சிறிய குடும்பத்தால் இந்தத் திருநாளை நிறைவாகக் கொண்டாட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முடியும். ஆனால் முப்பது பேரின் கிறிஸ்மஸை மூன்று பேரால் நடத்த முடியாது; சென்ற ஆண்டு நீங்கள் முயன்றது அதைத்தான். பெரிய வீட்டில் ஒரு நாளை நிரப்புபவர்கள் மனிதர்கள். ஒருவர் வந்துகொண்டிருப்பார், இன்னொருவர் கோபித்துக்கொண்டிருப்பார், அவரைச் சமாதானப்படுத்த நால்வர் போவார்கள். பொழுது போவதே தெரியாது. அதே நாளைப் பொருள்களைக் கொண்டு நிரப்பினால், பரிசுத் தாளைப் பிரித்து முடித்ததும் நாளும் முடிந்துவிடுகிறது. சிறிய குடும்பத்திடம் ஆள்பலம் இல்லை, நாள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று தொடங்குவதால், காத்திருப்பதற்கு மட்டும் 22 முதல் 28 நாள்கள் கிடைக்கின்றன. டிசம்பர் 25-லிருந்து ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள்கள். மறுநாள் ஞானிகள் வந்து குழந்தை இயேசுவை வணங்கியதை நினைவுகூரும் திருநாள். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, ஒரு சக்கரத்தின் மீது ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளையும் மற்ற நாள்களுக்குச் சிறியவற்றையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். இன்று பல நாடுகளில் வழங்கும் திருவருகை வளையத்தின் தொடக்கம் அதுதான். வீடும் உறவும் இல்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்த வழக்கம் உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்தும். நான்கு மெழுகுவர்த்திகள் போதும். ஞாயிறு மாலைகளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இயேசுவின் பிறப்பைக் காட்டும் குடிலின் முழுப் பொறுப்பையும் மகளிடம் கொடுத்துவிடுங்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன, ஆடம்பரம் ஏதுமில்லை. உங்கள் வீட்டுத் தொட்டி 24-ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்கட்டும். ஞானிகளின் பொம்மைகள் வீட்டின் மறுகோடி ஜன்னலிலிருந்து புறப்பட்டு, நாளுக்குச் சில அடிகளாக நகர்ந்து ஜனவரி 6 அன்று குடிலை வந்தடையட்டும். அவர்கள் இன்று எங்கே தங்குவார்கள் என்று தீர்மானிப்பதை எந்தக் குழந்தையும் மறக்காது. அலங்காரம் கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். நமக்குத்தான் கை துறுதுறுக்கும்.

கைபேசி அழைப்புகளையும் இவ்வாறே பிரித்துக்கொள்ளலாம். ஒரே மாலையில் இருபது முகங்களைப் பார்த்தால் ஒருவரிடமும் பேசியதாகாது. கிறிஸ்மஸ் அன்று தாத்தா பாட்டியிடம் மட்டும் பேசிவிட்டு, மற்றவர்களைப் பன்னிரண்டு நாள்களில் நாளுக்கு ஒருவராக அழையுங்கள்.

ஒன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். அந்த முப்பது பேர் உங்கள் நினைவில்தான் நிறைந்திருக்கிறார்கள்; அங்கிருந்து புறப்பட்டபோது உங்கள் மகளுக்கு வயது நான்கு. அவளுக்குக் கிறிஸ்மஸ் என்பது இந்த வீட்டில் நடப்பதுதான். 'அங்கே இருந்திருந்தால்' என்று அவள் முன்னால் தொடர்ந்து சொன்னால், தன் வீட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று அவள் கற்றுக்கொள்வாள். உங்கள் ஏக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. தாத்தா வீட்டைப் பற்றிய கதையாக அதை ஓர் இரவு சொல்லுங்கள், விரும்பிக் கேட்பாள்.

நற்செய்தி நூலில் லூக்கா எழுதியிருப்பதும் நாசரேத்திலிருந்து பயணம் வந்து, சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு சிறிய குடும்பத்தைப் பற்றித்தான். அந்த இரவில் அவர்களைப் பார்க்க வந்தவர்கள் உறவினர்கள் அல்லர், வயல்வெளியில் இருந்த மேய்ப்பர்கள். உங்களைப் போலவே தனித்திருக்கும் ஒருவரை 26-ஆம் தேதி வீட்டுக்கு அழையுங்கள். ஒருவர் போதும், பெரிய விருந்து வேண்டாம். குடிலைக் காட்டி விளக்கும் வேலையை மகள் பார்த்துக்கொள்வாள்.

இக்கடிதம் உங்களை எட்டும்போது முதல் ஞாயிறு கடந்திருந்தால், அடுத்த ஞாயிறன்று இரண்டு மெழுகுவர்த்திகளையும் சேர்த்தே ஏற்றிவிடுங்கள்.