பெண்மானைச் சுடலாமா?

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகனை, அங்குள்ள பண்ணைக்காரர் ஒருவர் இறைச்சிக்காக மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். அங்கே மேய்வது நம் பரம்பிக்குளத்துப் புள்ளிமானேதான். கொம்புள்ளதை விட்டுவிட்டுப் பெண்மானைச் சுடச் சொல்கிறாராம். என் அப்பா துப்பாக்கி வைத்திருந்த காலத்திலும் பெண்மானைத் தொட்டதில்லை. பாவம் என்று சொல்லியே எங்களை வளர்த்தார். மகனுக்கு நான் என்ன சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையார் பாவம் என்று சொன்னதற்குள் ஒரு கணக்கு இருந்தது. ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணையும் என்பதால், சில ஆண்கள் குறைந்தாலும் பிறக்கும் குட்டிகள் அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரு பெண்மான் போனாலோ, அது ஈன வேண்டிய குட்டிகள் அத்தனையும் அதனோடு போய்விடும். புலியும் சிறுத்தையும் செந்நாயும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும் ஆனைமலைச் சரிவுகளில் மனிதனும் பெண்மானைக் கொன்றால் கூட்டம் தேய்ந்துவிடும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டு அறிந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு இங்கே ஆண், பெண் எதையும் தொடக் கூடாது. அதில் எனக்கு முழு உடன்பாடு.

டெக்சாஸில் அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. 1932இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட புள்ளிமான், புலியும் செந்நாயும் இல்லாத நிலத்தில் பெருகிவிட்டது. தழை தீர்ந்தால் புல்லை மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் அதன் முன், தழையையே பெரிதும் நம்பியிருக்கும் அந்நாட்டு வெள்ளைவால் மான் தோற்றுப்போகிறது. கூட்டத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கொம்பனை மட்டும் சுடுவதால் பயனில்லை. மிஞ்சிய ஆண்களே எல்லாப் பெண்மான்களையும் சினையாக்கிவிடும். பண்ணைக்காரர் சொல்வது சரிதான்.

ஆனால் ஒன்றில் உங்கள் மகன் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். வெள்ளைவால் மான் பெரும்பாலும் கோடைத் தொடக்கத்தில் ஈனும். நவம்பரில் வேட்டை நடக்கும்போது குட்டிகள் தாயில்லாமலும் பிழைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். புள்ளிமானுக்கு அப்படி ஒரே ஈற்றுக்காலம் கிடையாது. கொம்பு உதிர்வதும் மானுக்கு மான் வேறுபடும். எந்த மாதத்திலும் ஒரு தாய் தன் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேய வந்திருக்கலாம். அங்கே இந்த மானுக்கு வேட்டைப் பருவம் என்று சட்டம் எதையும் வரையறுக்கவில்லை என்பதால், அந்தக் குட்டியைக் காக்கும் பொறுப்பு சுடுபவரின் கண்ணையே சேர்கிறது. பின்னங்கால்களுக்கு இடையே மடி பருத்துத் தெரிந்தால் அதை விட்டுவிட வேண்டும். மடி தெரியாத கோணத்தில் நிற்குமானால், அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். தனியே நிற்கும் மானின் அளவை மதிப்பிடுவது கடினம். பல மான்கள் சேர்ந்து மேயும்போது ஒப்பிட்டுப் பார்த்து, முழு வளர்ச்சிக்குச் சற்றுக் குறைவான, மடி இறங்காத இளம் பெண்மானைத் தேர்வதே நல்லது. (பழந்தமிழில் ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன, பார்த்துப் பிரித்தறிந்தவர்களின் மொழி அது.)

இறைச்சிக்கும் அதுவே ஏற்றது. இளம் மானின் கறி மென்மையாக இருக்கும். பெரிய ஆண்மான் எண்பது கிலோவை எட்டக்கூடும். டெக்சாஸ் வெயிலில் அதன் குடலை நீக்கித் தூக்கிவந்து குளிரூட்டுவதற்குள் கறி கெட்டுவிடலாம். கொன்ற உயிரின் கறியைக் கெடவிடுவதைத்தான் நான் பாவம் என்று சொல்வேன். மெலிந்து தள்ளாடும் மானை, இரக்கத்தால் சுட நேர்ந்தாலும், உண்ணக் கூடாது.

உங்கள் மகன் தற்காலிக விசாவில் இருந்தால், துப்பாக்கியைக் கையில் எடுப்பதையே அந்நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. புள்ளிமானுக்கும் உரிமம் தேவை என்பதால் அதை முதலில் வாங்கட்டும். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், துப்பாக்கியை வைத்துவிட்டு, இருநோக்கியோடு மட்டும் அந்தப் பண்ணைக்குப் போய், எந்தப் பெண்மானின் பின்னால் குட்டி வருகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

அன்புடன்.