வெண்டை வாரத்துக்கு ஒருநாள் பறிக்கிற காய் இல்லை: குடும்பக் காய்கறித் தோட்டம், கேள்வி பதில்

வீட்டு ஆட்களே வேலை பார்க்கும் சின்னத் தோட்டம், வாரா வாரம் வாடிக்கை வீடுகளுக்கு ஒரு கூடை. இந்த எல்லைக்குள் கேளுங்கள். டிராக்டர், கடன், கோழி வளர்ப்பு பற்றி இங்கே வேண்டாம்.

கேள்வி: பத்து வீட்டுக்கு வாரம் அரைக் கிலோ பீன்ஸ் கொடுக்கணும்னா எவ்வளவு விதைக்கணும்? ஒரு வாரம் குவியுது, மறுவாரம் ஒண்ணுமே இல்ல.

பதில்: குவிவதும் வறள்வதும் ஒரே நாளில் மொத்தத்தையும் விதைத்ததன் பலன். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வாரம் 5 கிலோ தேவை. செடி பீன்ஸ் விதைத்து 50 முதல் 60 நாளில் காய்க்கு வரும், மூன்று வாரம் பறிக்கலாம், அதில் நடு வாரம்தான் கனமாக விழும். முதல் வாரமும் கடைசி வாரமும் மெலிந்தவை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை விதைத்தால் ஒன்றின் வால் மற்றதன் தலையை மூடும்.

ஒரு தவணை இரண்டு வாரத்துக்கான 10 கிலோ தர வேண்டும். ஒரு மீட்டர் வரிசைக்கு அரைக் கிலோ என்று அடக்கியே வையுங்கள்: 20 மீட்டர். பூச்சி, மழை, எலிக்குக் கால் பங்கு சேர்த்தால் 25 மீட்டர். 10 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் 250 செடி. முளைப்பு 85 சதவீதம் என்றால் ஏறக்குறைய 300 விதை.

"இரண்டு வாரம்" என்பதைக் காலண்டரில் குறித்துவைத்து அப்படியே பின்பற்றாதீர்கள். முன் தவணையில் மூன்று இதழாகப் பிரியும் முதல் இலை விரிந்ததும் அடுத்ததை விதையுங்கள். வெயில் ஏறிக்கொண்டே போகும் பருவத்தில், பின்னால் விதைத்தது வேகமாக வளர்ந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடும்; அப்போது இடைவெளி கூட வேண்டும். குளிர் இறங்கும் பருவத்தில் பின்னது பின்தங்கும். இடைவெளி குறைய வேண்டும். இலையைப் பார்த்து விதைத்தால் இந்தத் திருத்தம் பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். பகல் சூடு 35 டிகிரியை ஒட்டும் மாதங்களில் செடி பீன்ஸ் பூவை உதிர்த்துவிடும். அந்தத் தவணைகளைக் கொத்தவரைக்கோ காராமணிக்கோ கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கூடை போடுறது சனிக்கிழமை. வெண்டைக்காய் பாதிக்குப் பாதி முத்திடுது. ரகம் சரியில்லையா?

பதில்: ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பதம். ஏழு நாளுக்கு ஒருமுறை போனால் பாதி முத்தத்தான் செய்யும். ஒன்றுவிட்டு ஒருநாள் பறியுங்கள். நுனியை மடக்கினால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து நார் இழுத்தால் அது விறகு.

முத்தின காயை "விற்காது, கிடக்கட்டும்" என்று செடியிலேயே விடுவதுதான் இதைவிடப் பெரிய தப்பு. உள்ளே விதை முற்றினால் செடி தன் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு புதுப் பூவைக் குறைக்கும். வெட்டித் தூரப் போடுங்கள். வெள்ளரிக்கும் காராமணிக்கும் இதே விதி. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், சுணை அரிக்கும். இடைநாளில் பறித்ததை 7 டிகிரிக்குக் கீழே வைத்தால் குழி விழுந்து கறுக்கும். ஈரத்துணி மூடிய கூடையில், நிழலில் வையுங்கள்.

கேள்வி: வெண்டையில காய்ப்புழு. மருந்து அடிச்சா எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கலாம்?

பதில்: என்ன மருந்து என்று சொல்லாமல் நாள் கேட்காதீர்கள். டப்பாவின் சீட்டில் அந்தப் பயிருக்கான காத்திருப்புக் காலம் இருக்கும். அந்தப் பயிரின் பெயரே சீட்டில் இல்லை என்றால் அந்த மருந்தை அதில் அடிக்கக் கூடாது. காத்திருப்பு 7 நாள், நீங்கள் பறிப்பது ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால், நடுவில் மூன்று பறிப்பு மண்ணுக்குப் போகும். பறிக்காமலும் விட முடியாது, கூடையில் போடவும் முடியாது. அந்த மூன்று பறிப்பின் நட்டத்தைவிடப் புழு தின்பது குறைவா என்று எடைபோட்ட பிறகு தெளிப்பானைத் தொடுங்கள்.

கேள்வி: அறுவடை அன்னிக்கு எதை முதல்ல பறிக்கணும்? ரெண்டே ஆள்தான்.

பதில்: கீரை முதலில், வெயில் ஏறும் முன். அறுத்த கையோடு நிழலுக்குப் போக வேண்டும். வெயிலில் அரை மணி கிடந்த கீரையைத் தண்ணீர் தெளித்து நிமிர்த்தலாம், ஆயுள் திரும்பாது. அடுத்து வெள்ளரி, வெண்டை. பிறகு கத்தரி: தோல் மினுக்கும்போதே காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள், மங்கிவிட்டால் உள்ளே விதை கடினமாகியிருக்கும். முள்ளங்கி, கேரட் பிடுங்கியதும் தழையை 2 செ.மீ. விட்டு நறுக்குங்கள். தழை இருக்கும்வரை கிழங்கின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பீன்ஸ், பனி காய்ந்த பிறகு. இலை ஈரமாக இருக்கையில் பீன்ஸ் செடிக்குள் நுழையாதீர்கள். கையும் துணியும் ஒரு செடியின் இலைக்கருகல் கிருமியை வரிசை முழுக்கப் பூசிவிடும். தக்காளி கடைசி. லேசாகச் சிவப்பு ஓடும்போதே எடுத்தால் கூடையில் பழுக்கும்.

கேள்வி: நாங்க பறிச்சதும் எல்லாத்தையும் ஒரே தொட்டியில அலசித்தான் அடுக்குறோம். மண்ணோட கொடுத்தா வாங்குறவங்க முகம் சுளிக்கிறாங்க. ஆனா தக்காளி மூணாம் நாளே காம்புப் பக்கம் அழுகுதுன்னு சொல்றாங்க.

பதில்: கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: ஒரே தொட்டி. ஓர் அழுகல் பழம் விழுந்தால் அந்தத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும் விருந்து. வெண்டை, பீன்ஸ், தக்காளியைக் கழுவாதீர்கள். கீரை, கிழங்கு மட்டும் கழுவலாம்.

இன்னொருவர்: மன்னிக்கணும், கழுவாமக் கொடுக்கிறதுதான் தப்பு. மண்ணுல இல்லாத கிருமியா? சாப்பிடுற பொருள் சுத்தமா இருக்க வேண்டாமா?

பதில்: சமைக்கும் முன் கழுவட்டும், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுக்குவதற்கு முன் கழுவுவது பற்றித்தான் பேச்சு. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சூடேறிய பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பக் காம்புத் தழும்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், கிருமியும் கூடவே உள்ளே போகும். தோலுக்கு மேலே இருந்ததைத் துடைத்து எடுக்கலாம். உள்ளே போனதை? காம்புப் பக்கம் அழுகுவது அதனால்தான். கழுவியே ஆக வேண்டும் என்றால் நீர் பழத்தைவிட 5 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், ஓடும் நீராக இருந்தால் நல்லது.

இன்னொருவர்: நாங்க பல வருஷமா கழுவித்தான் கொடுக்கிறோம், அழுகுனதே இல்ல.

பதில்: அன்றே சமைத்துவிட்டால் அழுக நேரமில்லை. சோதித்துப் பாருங்கள்: ஒரே செடியில் பறித்த 10 பழம் உங்கள் தொட்டியில், 10 பழம் உலர்ந்த துணியால் துடைத்து. தனித்தனிக் கூடையில் ஐந்து நாள். ஐந்தாம் நாள் காம்பு வட்டத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள்.

முதலாமவர்: தொட்டியில உப்புப் போட்டா?

பதில்: அழுக்குத் தண்ணீர் உப்புத் தண்ணீராகும். நீரை மாற்றுங்கள். கீரைக்கு இரண்டு தொட்டி: முதலாவது மண் போக, இரண்டாவது சுத்த நீர். தலைகீழாகப் பிடித்து உதறி, வடிந்த பிறகே கட்டு.

இன்னொருவர்: அப்போ முதல் நாள் ராத்திரியே கழுவி வெச்சிட்டா காலைல வேலை குறையுமே?

பதில்: ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊறினால் காலையில் வழவழப்புத்தான் மிஞ்சும். கழுவுவதைப் பற்றி இத்தோடு நிறுத்துவோம்.

கேள்வி: சுரைக்காய் பிஞ்சு விரல் அளவுல வெம்பி உதிருது. உரம் என்ன போடலாம்?

பதில்: உரத்தை மூடி வையுங்கள், மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ சாயங்காலம் விரியும் வெள்ளைப்பூ. பகலில் தேனீ வந்து பார்த்தால் வாசல் மூடியிருக்கும். பொழுது சாயும்போது, அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள். பூவுக்குப் பின்னால் குட்டிச் சுரைக்காய் இருப்பது பெண். பீர்க்கும் சாயங்காலப் பூதான். பூசணி விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். நேரம் மாறினால் தடவியும் பயனில்லை. காய் பதமா என்று பார்க்க நகத்தைப் பதியுங்கள். சுலபமாக இறங்கினால் வெட்டலாம். சும்மா சும்மா நகம் பதிக்காதீர்கள், தழும்பு நிற்கும்.

கேள்வி: வெண்டை சீக்கிரம் முத்துது, என்ன பண்ணலாம்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: கோடையில கொத்தமல்லி ஒரு சாண் வர்றதுக்குள்ள பூத்திடுது.

பதில்: சூட்டுக்கும் நீண்ட பகலுக்கும் அது அப்படித்தான். 50 சதவீத நிழல்வலை, பத்து நாளுக்கு ஒரு சின்னத் தவணை, பிடுங்கி எடுப்பது. அல்லது அந்தப் பாத்தியில் தண்டுக்கீரை.

கேள்வி: மழைக்காலத்துல கூடையே காலியா இருக்கு. எல்லாம் அழுகுது.

பதில்: மேட்டுப்பாத்தி 20 செ.மீ. உயரம், வாய்க்காலின் கடைசி முனை திறந்திருக்கட்டும். மழை தொடங்கும் முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும். மழைக்குள் விதைத்தால் நாற்று தரைமட்டத்தில் நூலாக மெலிந்து சாயும். தக்காளி வெடிப்பதும் இதே காலத்துக் குறைதான்: காயவிட்டுத் திடீரென நீர் கிடைத்தால் சதை பெருக்கும், தோல் கூடவே விரியாது. வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி மூடாக்குப் போட்டு ஈரத்தை ஒரே சீராக வையுங்கள். கனமழை வரும் என்றால் நிறம் மாறத் தொடங்கியதை எல்லாம் முன்கூட்டியே பறித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, மாடித் தோட்டத்துக்கு இதே கணக்கு வருமா?

பதில்: தொட்டி மண்ணின் சூடும் நீரும் வேறு. மாடியில் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: வெண்டைக்காய்க்கு மருந்து அடிச்ச மறுநாள் கூடை போடணும். நல்லாக் கழுவிட்டாப் போதுமா?

பதில்: போதாது. செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது. சீட்டில் எத்தனை நாள் என்று பாருங்கள், அத்தனை நாளும் அந்தக் காய் கூடையில் வேண்டாம். நாளைக்குக் கூடையில் வெண்டை இல்லை என்று இன்றைக்கே வீடுகளுக்குச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கட்டுக் கீரை வையுங்கள்.