எக்ஸ்பான்ஷன் கார்டு கேம்களில் காசு போடலாமா? கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: நான் குன்னூரில் இருக்கிறேன், பையனுக்கு 13 வயது. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டிய கார்டு கேம் ஒன்றை ஆரம்பிக்கலாம் என்று நச்சரிக்கிறான். இறங்கலாமா? ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவே முடியாது என்கிறார்களே?

நிறுத்தலாம், அது பெரிய கஷ்டமில்லை. எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால் எதிரே யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள். நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்த விளையாட்டுகளை விளையாடுகிறேன், சம்பளத்தில் கணிசமாகவே போட்டிருக்கிறேன், அதில் பாதி வீணாகப் போனது. விளையாட்டெல்லாம் நல்ல விளையாட்டுதான், கூட ஆட ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே ஒத்துவராது. அங்கே வாரக்கடைசியில் முகம் தெரியாதவர்கூட எதிரே வந்து உட்காருவார். இங்கே வீட்டில் இருப்பவர்களை விட்டால் ஒரு நண்பர், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு பேர்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பான்ஷன் என்றால் முதலில் வாங்கியதன் மேல் பிறகு வாங்கிச் சேர்க்கும் கூடுதல் கார்டுகள். ‘எக்ஸ்பான்ஷன் கார்டு கேம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான வியாபாரம் நடக்கிறது.

ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாக்கெட் வாங்குவது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ தொடங்கி வைத்தது இதுதான். பிறகு வந்த போக்கிமான், யு-கி-ஓ எல்லாம் இந்த வழிதான். நாம் சின்ன வயதில் பபிள்கம்முக்குள் வந்த கிரிக்கெட் சீட்டுக்காக வேண்டாத பபிள்கம்மை எல்லாம் மென்றோமே, அதேதான், விலைதான் வேறு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2009 வாக்கில் வந்த மேஜிக்கின் பெரிய தொகுப்புகளில் 53 ‘ரேர்’, அதைவிட அபூர்வமாக வரும் 15 ‘மித்திக்’ என்று அரிய கார்டுகள் இருக்கும், ஒரு பாக்கெட்டில் 15 கார்டு, அதில் அரியது ஒன்றே ஒன்று. அப்படியானால் நமக்கு வேண்டிய ஒரு குறிப்பிட்ட ரேர் கார்டு சராசரியாக 60 பாக்கெட்டுக்கு ஒருமுறைதான் வரும். ஆடுவதற்கு எடுத்துக்கொள்ளும் ஒரு சீட்டுக் கட்டில் ஒரே கார்டை 4 வரை வைக்கலாம் என்பது விதி, நன்றாக விளையாடுகிறவர்கள் முக்கியமான கார்டை 4-ம் வைத்திருப்பார்கள். நாலும் பாக்கெட்டிலிருந்தே வர வேண்டும் என்றால் 240 பாக்கெட். பாக்கெட் 300 ரூபாய் என்று வைத்தால் 72,000 ரூபாய், ஒரே ஒரு கார்டுக்கு! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாக்கெட் உடைப்பதில்லை, தேவையான கார்டை மட்டும் சில்லறையாக வாங்குவார்கள். உங்கள் பையன் இந்த வகையில்தான் இறங்குவேன் என்றால், பாக்கெட்டுக்குப் பதிலாக உடனே ஆடக்கூடிய ரெடிமேட் கட்டு இரண்டு வாங்கிக் கொடுங்கள், உங்களுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, அதோடு சரி.

சுற்றுலாக் கடைகளில் தங்க நிறத்தில் மின்னும் போக்கிமான் கார்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். என் தம்பி மகன் பொங்கலுக்குக் கிடைத்த காசையெல்லாம் போட்டு அதில் மூன்று பாக்கெட் வாங்கிக்கொண்டு, “பெரியப்பா, எல்லாமே கோல்டு!” என்று ஓடி வந்தான். ஒன்றுகூட அசல் இல்லை, கட்டில் சேர்த்து விளையாடவும் முடியாது. நான் அவனிடம் அதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை, விற்றவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பாக்கெட்டில் வரும் அசல் போக்கிமான் கார்டு காகித அட்டைதான். ஓரத்தை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு வெள்ளைக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். போன் டார்ச்சைப் பின்னால் வைத்தால் போலியில் வெளிச்சம் தாராளமாக ஊடுருவும், அசலில் அவ்வளவு வராது.

இன்னொரு வகை, பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று முன்கூட்டியே தெரிந்து வாங்குவது. 2008-இல் ஃபேண்டஸி ஃபிளைட் கேம்ஸ் இதற்கு ‘லிவிங் கார்டு கேம்’ என்று பெயர் வைத்தது. குலுக்கல் கிடையாது, எல்லோருக்கும் அதே பெட்டி. இதில் நான் விழுந்தது ‘ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர்’, 2012-இல் வந்தது. ஒருவர் பெரிய கம்பெனி, எதிரே இருப்பவர் அந்தக் கம்பெனியின் சர்வருக்குள் புகுந்து திருடும் ஹேக்கர். கம்பெனிக்காரர் கார்டுகளைக் கவிழ்த்தே வைப்பார், அது பொக்கிஷமா பொறியா என்று கை வைத்தால்தான் தெரியும். என் கூட ஆடியவன் இங்கே ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்த நண்பன். கரண்ட் போன ஒரு கார்த்திகை மாத இரவில் எமர்ஜென்சி லைட்டை நடுவில் வைத்து ஆடினோம். கவிழ்த்த ஒரு கார்டின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி, “என்ன மாப்ள, உள்ள வர்றியா?” என்றான். முழுசாக ஒரு நிமிடம் யோசித்தேன். எந்த ரம்மியிலும் எனக்கு அந்தப் படபடப்பு வந்ததில்லை.

ஆனால் செலவைப் பாருங்கள். முதல் பெட்டியில் 252 கார்டு இருந்தும் பல கார்டுகள் அதில் ஒன்றோ இரண்டோதான், கட்டில் 3 வைக்கலாம் என்பதால் இரண்டாவது பெட்டியும் வாங்கினேன். அப்புறம் மாதத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 கார்டு, அதாவது 20 வகை மும்மூன்றாக. அமெரிக்காவில் 15 டாலர் சொன்னது, சுங்கமும் கூரியரும் சேர்ந்து மேட்டுப்பாளையம் ஏறி இங்கே வரும்போது எங்கேயோ போய் நிற்கும். 2016-இல் நண்பனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகும் நான் எட்டுப் பெட்டி வாங்கினேன், ஊருக்கு வரும்போது ஆடுவான் என்ற நம்பிக்கையில். நாலு முறை ஆடியிருப்போம். 2018-இல் உரிமம் முடிந்து விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். போட்டி போட்டு ஆடும் விளையாட்டு எதுவானாலும், உங்களைப் போலவே ஆசையாக நேரம் ஒதுக்க இன்னொருவர் அதே ஊரில் பல வருடம் இருக்க வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. (நெட்ரன்னர் சாகவில்லை. ரசிகர்களே சேர்ந்து நல் சிக்னல் கேம்ஸ் என்ற லாப நோக்கில்லாத அமைப்பாகப் புதுக் கார்டுகள் போடுகிறார்கள், பிடிஎஃப் இலவசம். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, பழைய சீட்டின் முன்னால் வைத்து பிளாஸ்டிக் உறைக்குள் சொருகிவிட்டால் ஆடலாம். முழுத் தொகுப்பு வாங்கும் முன் இப்படி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள்.)

அதற்குப் பிறகு நான் போட்டி விளையாட்டில் காசு போடுவதில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று விளையாட்டையே எதிர்த்து ஆடுவதுதான் வாங்குகிறேன். ‘ஆர்க்கம் ஹாரர்’ கார்டு கேமை நானும் மனைவியும் ஆடுகிறோம். 2016-இல் வந்தது, 2021-இல் திருத்திய பெட்டி வந்தபின் ஒரே பெட்டியில் 4 பேர் வரை ஆடலாம், அதற்கு முன் 4 பேருக்கு இரண்டு பெட்டி வேண்டும், பழையது யாராவது விற்றால் இதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே 3 அத்தியாயம் கொண்ட ஒரு கதை இருக்கிறது. அது முடிந்து ஆசை இருந்தால் இன்னொரு கதைக்கான பெட்டி, இல்லையென்றால் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. நாங்கள் ஒன்றே ஒன்றுதான் கூடுதலாக வாங்கினோம், இரண்டு மழைக்காலம் ஓடியது. உங்கள் பையனுக்கு என்றால் 2019-இல் வந்த ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ சரியாக இருக்கும். ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் என்று 5 நாயகர்கள், 3 வில்லன்கள், 4 பேர் வரை ஆடலாம், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அவன் தனியாகவும் ஆடுவான். அந்த ஒரு பெட்டியை அலுக்கும்வரை ஆடட்டும், அடுத்ததை அதற்கப்புறம் பேசுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், இவற்றின் கார்டுகளில் பொடி எழுத்தில் ஆங்கிலம் நிறைய. பையன் படித்துவிடுவான், வீட்டில் பெரியவர்களைச் சேர்க்க முடியாது. அதற்கு எனக்குத் தெரிந்து ‘டொமினியன்’தான். அதே 2008-இல் வந்தது, சீட்டுக் கட்டை ஆட்டத்துக்குள்ளேயே எல்லோரும் பொதுக் குவியலிலிருந்து வாங்கிச் சேர்ப்பார்கள், அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி போதும். முதல் பதிப்பில் 500 கார்டு, எப்போதும் இருக்கும் அடிப்படைக் கார்டுகள் போக மாற்றி மாற்றி எடுக்க 25 வகை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் 10 எடுக்க வேண்டும். 25-இல் 10 எடுக்க 32 லட்சத்துக்கு மேல் வழி உண்டு. இதற்கும் எக்ஸ்பான்ஷன் வரிசையாக இருக்கிறது, எனக்கு இன்னும் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. முதல் நாள் “காசு வச்சா ஆடறீங்க?” என்று சந்தேகமாகப் பார்த்த அம்மா இப்போது எங்களோடு ஆடுகிறார். ‘ஸ்மிதி’ என்ற கார்டு 3 சீட்டு எடுக்கத் தரும், அதை அவர் ‘கொல்லம்பட்டறை’ என்பார், கிடைத்ததையெல்லாம் வளைத்துப்போட்டு எங்களை அடிக்கடி ஜெயிக்கிறார்.

எதை வாங்கினாலும் நம் ஊர் ஈரத்தை மறக்காதீர்கள். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை வெளுக்கும், நாலு நாள் மூடுபனிக்குள் வீடு கிடந்தால் பீரோத் துணியே பூஞ்சை வாசம் அடிக்கும். உறை போடாமல் வைத்திருந்த என் முதல் பெட்டியை மார்கழியில் திறந்தால் ஒவ்வொரு கார்டும் நமுத்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கியிருந்தது. பளபளப்புப் பூச்சு உள்ளவை வில்லாகவே வளைந்துவிடும். வளைந்த கார்டைப் பின்பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், அப்புறம் கவிழ்த்து வைத்து என்ன பயன்? பெரும்பாலான விளையாட்டுகளில் கார்டு 63-க்கு 88 மில்லிமீட்டர், அந்த அளவு உறையின் செலவையும் பெட்டி விலையோடு சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள். ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவில், ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு மூடி வையுங்கள். வர்க்கி தின்ற கையோடு யாரையும் தொடவிடாதீர்கள்.

பிறகு விலை ஏறும், முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள். கம்பெனி மறுபதிப்பு போட்டால் விலை இறங்கிவிடும், ஏறினாலும் கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் விற்பது?

அவசரமாக ஆர்டர் போடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள், குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். மார்வெல், ஆர்க்கம் இரண்டும் என்னிடம் இருக்கிறது, ஆடிப் பார்க்கட்டும். டொமினியன் பெட்டி அம்மாவின் அலமாரியில் இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் வந்தால் அவரும் உட்காருவார்.