மேற்கு அயர்லாந்தின் ஏரி, மலைப் பகுதிகளில் ரோடு பைக் (சாலை சைக்கிள்) ஓட்ட எந்தப் பாதைகள் நல்லவை? என்ன தயாரிப்பு வேண்டும்?

கேட்டவர் டப்ளினில் இருக்கிறார். சொந்த ரோடு பைக் உண்டு, ஒரே மூச்சில் 80 கி.மீ. ஓட்டிப் பழக்கம். செப்டம்பர் முதல் வாரத்தில் நான்கு நாள் விடுப்பு. மலை ஏற்றம் தாங்குமா என்பதுதான் அவருடைய முக்கியக் கவலை.

ஏற்றத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். கெர்ரி மாவட்டத்தில் பேர்போன மோல்ஸ் கேப் கணவாயே கடல்மட்டத்திலிருந்து சுமார் 260 மீட்டர்தான். அங்கே ஆளைச் சாய்ப்பது காற்று. சமதளத்தில் 25 கி.மீ. வேகத்தில் அலட்டிக்கொள்ளாமல் போகிறவர், மணிக்கு 25 கி.மீ. எதிர்காற்று வந்தால் அதே உழைப்புக்கு 13, 14-க்கு இறங்கிவிடுவார். 25 கி.மீ. காற்று என்பது அட்லாண்டிக் கரையில் சாதாரண நாள். ஏற்றமாவது நாலைந்து கிலோமீட்டரில் முடிந்து இறக்கம் தரும். காற்று இரண்டு மணி நேரம் விடாமல் நெஞ்சில் அடிக்கும்.

பெரும்பாலான நாட்களில் அது தென்மேற்கிலிருந்து வீசும். அதனால் எந்தச் சுற்றுப்பாதையையும் மேற்கு நோக்கித் தொடங்கி, கால் ஓய்ந்த பிறகு காற்று முதுகில் படும்படி முடியுங்கள். முந்தின இரவு அயர்லாந்து வானிலை மையமான மெட் ஏரனின் செயலியில் மணிவாரியாகக் காற்றின் திசை, வேகம், திடீர் வீச்சின் வேகம் மூன்றையும் பாருங்கள். மழைக்குறியைப் பார்த்துப் பயணத்தைக் கைவிடத் தேவையில்லை, மேற்கில் வருடத்துக்கு 225 நாள் வரை மழை நாள் உண்டு. ஆனால் திடீர் வீச்சு 60 கி.மீ.-ஐத் தாண்டும் என்றால் மலையிடுக்குப் பாதைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நான்கு நாளில் ஒரே ஒரு சுற்றுதான் முடியும் என்றால் மேயோ மாவட்டத்தின் வெஸ்ட்போர்ட் – லூயிஸ்பர்க் – டூலாக் – லீனான் – வெஸ்ட்போர்ட் சுற்றைத்தான் சொல்வேன். ஏறக்குறைய 85 கி.மீ. டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு நேரடி ரயில், மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். முதல் 21 கி.மீ. கடலோரமாக மேற்கே போகும் ஆர்-335 சாலை. இடதுபுறம் க்ரோ பேட்ரிக் மலை, 764 மீட்டர். ஜூலை கடைசி ஞாயிறன்று யாத்திரைக் கூட்டத்தால் இந்தச் சாலை நிரம்பி வழியும். செப்டம்பரில் அந்தத் தொல்லை இல்லை.

லூயிஸ்பர்க்கில் கட்டாயம் நிற்க வேண்டும். அங்கிருந்து லீனான் வரை 30 கி.மீ.-க்கு மேல் கடை கிடையாது. இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, சாப்பிடவும் ஏதாவது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் வேலிகள் மறைந்து, இருபுறமும் பழுப்பு நிறக் கரிச்சதுப்பு நிலம் வரும். சாலை அதன்மேல் மிதப்பது போலத்தான் கிடக்கிறது. அடித்தளம் இறங்க இறங்கத் தார் அலை அலையாக மடிந்திருக்கும். வேகமாகப் போனால் ஹேண்டில்பார் குதிக்கும். பெருவிரலை பாருக்குக் கீழே சுற்றிப் பிடியுங்கள்.

பிறகு டூலாக் ஏரி. மேற்கே மீல்ரே, 814 மீட்டர், கொனாக்ட் மாகாணத்தின் உயரமான மலை. கிழக்கே ஷீஃப்ரி குன்றுகள். இரண்டுக்கும் நடுவே ஏரியும், அதை ஒட்டி ஒரு வண்டி, ஒன்றரை வண்டி அகலத்துக்குச் சாலையும். மலைச்சரிவில் உருண்டு இறங்கும் காற்று இங்கே எந்தப் பக்கத்திலிருந்தும் குத்தும். தண்ணீரின் மேல் கரும்பட்டையாக ஒரு சுளிப்பு ஓடி வருவது தெரிந்தால் அடுத்த சில நொடிகளில் உங்களைத் தொடும். உடனே கைப்பிடியின் கீழ்வளைவுக்குக் கையை மாற்றி, உடம்பைத் தாழ்த்துங்கள். ஆழமான கார்பன் விளிம்புள்ள சக்கரங்களை இங்கே கொண்டுவரவே வேண்டாம்.

சாலையோரத்தில் எளிய கற்சிலுவை ஒன்று நிற்கும். 1849 மார்ச்சில், பஞ்ச காலத்தில், லூயிஸ்பர்க்கிலிருந்து பட்டினி மக்கள் உதவி கேட்டு டெல்ஃபை மாளிகை வரை நடந்தார்கள். அதிகாரிகள் கைவிரித்துவிட்டதால் திரும்பும் வழியில் பலர் செத்து விழுந்தார்கள். அந்த நினைவுக்கல்லில் காந்தியின் வரி ஒன்றும் பொறித்திருக்கிறது. நிழலோ ஒதுங்க இடமோ கிடையாது. ஆனாலும் நின்று பார்க்க வேண்டிய இடம்.

டெல்ஃபையைக் கடந்ததும் கில்லரி கடற்கழி வரும். பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த நீண்ட இடுக்கு அது. தண்ணீரில் வரிசையாக மிதப்பவை சிப்பி வளர்க்கும் கயிறுகளின் மிதவைகள். ஆஸ்லீ அருவி அருகே ஆர்-335 போய் என்-59-ல் சேரும். லீனான் அங்கிருந்து வலதுபக்கம் சில கிலோமீட்டர். சூப்பும் சோடா பிரெட்டும் கிடைக்கும். சைவம் என்றால் "வெஜிடபிள் சூப்" என்ற பெயரை நம்பாமல், கோழி வேகவைத்த நீர் சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். பிறகு வந்த வழியே சற்றுத் திரும்பி, எரிஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வெஸ்ட்போர்ட்டுக்கு 30 கி.மீ. சொச்சம். தென்மேற்குக் காற்று இருந்தால் இது பரிசு. ஒரே குறை, இது தேசிய நெடுஞ்சாலை, வண்டிகள் வேகமாக வரும், பல இடங்களில் ஓரமே இல்லை. பகலிலும் பின்விளக்கை எரியவிட்டு ஓட்டுங்கள்.

லீனானில் ஒரு இரவு தங்கினால் மறுநாள் கொனமாரா சுற்று. என்-59-ல் மேற்கே கைல்மோர் வரை போய், ஆர்-344-ல் ஐனா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கி, ரீசெஸ், மாம் கிராஸ், மாம் வழியாகத் திரும்பலாம். சுமார் 70 கி.மீ. ஐனா சாலை பளிங்கு மாதிரி ஏரிகளை ஒட்டிப் போகும் அருமையான துண்டு, வண்டிகளும் குறைவு. ரீசெஸ் – மாம் கிராஸ் துண்டுதான் சலிப்பு, லாரிகள் விரட்டும். அதைக் காலையிலேயே கடக்க வசதியாகச் சீக்கிரம் புறப்படுங்கள். ஐரிஷ் பேசும் பகுதிகளில் வழிகாட்டிப் பலகையில் ஐரிஷ் பெயர் மட்டுமே இருக்கும். உதாரணமாக மாம் கிராஸை அந்த ஆங்கிலப் பெயரில் தேடினால் பலகை கண்ணில் படாது. ஊர்ப்பெயர்களை இரண்டு மொழியிலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்ரி பக்கம் போவதானால் கில்லார்னி – டன்லோ கணவாய் – பிளாக் வேலி – மோல்ஸ் கேப் – கில்லார்னி, ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இதில் நேரம்தான் எல்லாம். கணவாயின் வாயிலில் உள்ள கேட் கெர்னி காட்டேஜிலிருந்து கணவாய்க்குள் குதிரை வண்டிகள் புறப்படும் முன்பே, அதாவது காலை ஒன்பதுக்குள், உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒற்றைச் சாலையில் குதிரை, நடப்பவர், கார் எல்லாம் சேர்ந்துவிடும். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணி அடிக்காதீர்கள், மிரளும். இருபது மீட்டர் முன்பே குரல் கொடுத்து, வண்டிக்காரர் தலையசைத்த பிறகு விலகிக் கடந்து செல்லுங்கள். கணவாய் உச்சி சுமார் 240 மீட்டர்தான், ஆனால் கடைசி வளைவுகள் திடீரென்று நிமிரும். அந்தப் பக்க இறக்கத்தில் மணலும் குதிரைச் சாணமும் கிடக்கும். பிளாக் வேலியிலிருந்து மோல்ஸ் கேப் வரை மறுபடி ஏறி, லேடீஸ் வியூ, மேல் ஏரி, ஒரு சின்னச் சுரங்கவழி எனக் கில்லார்னிக்குப் பெரும்பாலும் இறக்கம். அந்தச் சாலையில் சுற்றுலாப் பேருந்துகள் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு வரும், நடுக்கோட்டை நெருங்க வேண்டாம்.

களைப்பான நாளுக்கு ஸ்லைகோவில் லாக் கில் ஏரியைச் சுற்றும் 40 கி.மீ. போதும். தென்கரை வழியாக ட்ரோமஹேர் போய், பார்க்ஸ் கோட்டை வழியாக வடகரையில் திரும்புங்கள். இடதுபுறம் ஓட்டும் நாட்டில் ஏரியை இடப்பக்கம் வைத்துச் சுற்றினால் தண்ணீர் கைக்கு எட்டும் பக்கத்திலேயே வரும். திரும்பும்போது எதிர்காற்றுதான். ஆனால் மரங்கள் ஓரளவு மறைக்கும்.

இனி வண்டி. 25 மி.மீ. டயரில் வராதீர்கள். கிராமச் சாலைகளில் தாரின்மேல் பொடி ஜல்லியைத் தூவி உருட்டிவிடுவதுதான் வழக்கம். சொரசொரப்பு உள்ளங்கை வரை அதிரும், புதிதாகப் போட்ட இடத்தில் உதிரி ஜல்லி வளைவுகளில் குவிந்திருக்கும். 28 மி.மீ. குறைந்தபட்சம், சைக்கிள் சட்டகத்தில் இடமிருந்தால் 32. ட்யூப் உள்ள டயர், 75 கிலோ எடையுள்ள ஆள் என்றால் 28-க்குப் பின்சக்கரத்தில் 70, முன்சக்கரத்தில் 65 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிப் பாருங்கள். 32-க்கு 55 ஒட்டிப் போதும். கியரில் முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34. நெடிய ஏற்றம் இல்லாவிட்டாலும், நடுவில் புல் முளைத்த ஒற்றைச் சந்துகளில் இருநூறு மீட்டருக்கு 15 சதவீதத்துக்கு மேல் நிமிரும் இடங்கள் உண்டு. வாடகை வண்டி எடுக்கும் நண்பர்கள் யாராவது வந்தால், வலது பிரேக் முன்சக்கரத்துக்கா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலும் அப்படித்தான், ஐரோப்பாவின் மற்ற இடங்களில் மாறியிருக்கும்.

நீங்கள் போகும் செப்டம்பருக்கு ஒரு தனி எச்சரிக்கை. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை செடிவேலி வெட்டச் சட்டம் தடை விதிக்கிறது, சாலைப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டர்கள் இறங்கி வெட்ட ஆரம்பிக்கும். வேலிகளில் பெரும்பகுதி ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகள். வெட்டிய முள் சாலையோரம் சிதறிக் கிடக்கும். மூன்று ட்யூப், ஒட்டுப் பட்டை, உள்ளிருந்து டயர் கிழிசலைத் தாங்கும் துண்டு, கையடக்கப் பம்பு இவை வேண்டும். பஞ்சர் ஆனால் புது ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுங்கள். பிளாக்தார்ன் முனை உடைந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. பத்து நிமிடத்தில் அடுத்த ட்யூபும் போகும். புதிதாக வெட்டிய வேலி கண்ணில் பட்டால் கார்ச் சக்கரத் தடத்திலேயே ஓட்டுங்கள், ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள்.

மட்கார்டு அழகைக் கெடுக்கும் என்பார்கள். மழையை விட, முன்சக்கரம் வாரி இறைக்கும் ஆட்டுப்புழுக்கைத் தண்ணீர் உங்கள் பாட்டில் வாயில் படும் என்பதுதான் விஷயம். மட்கார்டு இல்லையென்றால் வாய்க்கு மூடியுள்ள பாட்டில் வாங்குங்கள். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள், மேலே முழுவதும் ஆட்டு மேய்ச்சல். சங்கிலிக்கு ஈரத்துக்கான எண்ணெய் போடுங்கள், உலர் வகை ஒரே மழையில் கழுவிப் போகும்.

செம்மறிகள் மேய்ச்சலுக்கு வேலியில்லாத இடங்களில் சாலையிலேயே படுத்திருக்கும். தனி ஆடு நகர்ந்துகொள்ளும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால் குட்டி உங்கள் குறுக்கேதான் தாயிடம் ஓடும், வேகத்தைக் குறைத்து அது கடக்கும்வரை பொறுங்கள். மாடு தாண்டாதபடி சாலையில் பதித்த இரும்புக் குழாய்களை நேர்கோட்டில், பிரேக்கையும் பெடலையும் விட்டு, கடக்க வேண்டும். மழையில் அதன்மேல் திரும்பினால் வண்டி காலடியிலிருந்து நழுவிவிடும்.

ஃபெர்மனா ஏரிகள் ஸ்லைகோவிலிருந்து பக்கம்தான், ஆனால் அது வட அயர்லாந்து, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. எல்லையில் சோதனைச்சாவடி இல்லை என்பதால் அனுமதியும் வேண்டாம் என்று ஆகாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவர்கள் பிரிட்டனுக்குள் நுழையத் தங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்த்துவிட்டே அந்தப் பாதையை வரையுங்கள். அங்கே வேகப் பலகைகளும் மைலுக்கு மாறிவிடும்.

ரயிலில் சைக்கிளுக்கு இடம் மிகக் குறைவு. டிக்கெட்டோடு சேர்த்துச் சைக்கிளையும் ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ரயில்கள் முதலில் நிரம்பும், வெள்ளி காலை போய்த் திங்கள் திரும்புவதாக வைத்துக்கொண்டால் சுலபம்.