கடன் கொடுத்தவரிடம் உணவு உரிமைக்குக் கணக்குக் கேட்கலாமா? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, உலக வங்கியும் ஐஎம்எஃப்பும் (பன்னாட்டு நிதியமும்) எந்த மனித உரிமை உடன்படிக்கையிலும் சேரவில்லையே, அவர்களை எப்படிப் பிடிப்பது?

பதில்: அவர்களுடைய வக்கீல்களும் இதைத்தான் சொல்கிறார்கள். 1966-ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் 11-ஆவது பிரிவு உணவு உரிமையைச் சொல்கிறது. அதில் சேர்ந்தவை நாடுகள்தான். ஆனால் அந்த நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் ஓட்டுப் போடுவதும் நாடுகளின் ஆட்கள்தானே? ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மேடையில் ஒத்துக்கொண்டதை, இந்த நிறுவனங்களின் தலைமையகம் இருக்கிற வாஷிங்டனில் மறந்துவிட முடியாது என்பதுதான் நம் வாதத்தின் உயிர். 1999-இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு தன் 12-ஆவது பொது விளக்கத்தில், கடன் ஒப்பந்தங்களில் உணவு உரிமையைக் காப்பதில் இந்த இரண்டு நிறுவனங்களும் கூடுதல் கவனம் காட்ட வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியது. மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. இரண்டிலும் அதிக ஓட்டு வைத்திருக்கிற அமெரிக்கா 1977-இல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

கேள்வி: கடன் வாங்கியது அரசு. பட்டினிக்கு வெளியாளைக் குறை சொல்வது நியாயமா?

பதில்: ஆப்பிரிக்காவின் மலாவியைப் பாருங்கள். அவசரத்துக்கென்று வைத்திருந்த மக்காச்சோளக் கையிருப்பைக் குறைக்கச் சொல்லி ஐஎம்எஃப் ஆலோசனை சொன்னது. அரசு கிட்டத்தட்ட முழுவதையும் விற்றுத் தீர்த்தது, விளைச்சலும் பொய்த்தது, 2002-இல் பட்டினிச் சாவு வந்தது. விற்கச் சொன்னது அவர்கள்தான் என்றது அரசு. குறைக்கத்தான் சொன்னோம், எல்லாவற்றையும் விற்கச் சொல்லவில்லை என்றார்கள் அவர்கள். விற்பனையில் ஊழல் என்ற புகாரும் கிளம்பியது. என்னைக் கேட்டால் இரண்டு பேருமே பொறுப்பு, ஆனால் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தி விசாரிக்க ஒரு மன்றம் இல்லை, அதனால்தான் இப்படிப் பந்தை மாற்றி மாற்றித் தள்ளிவிட முடிந்தது. கரீபியன் நாடான ஹைட்டியிலும் 1995-இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கினார்கள், மலிவான அமெரிக்க அரிசி வந்து குவிந்து உள்ளூர் விவசாயி நொடித்துப்போனார். அது தவறு என்று 2010-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டனே ஒத்துக்கொண்டார்.

கேள்வி: புகார் கொடுக்க இடமே இல்லையா?

பதில்: உலக வங்கித் திட்டம் என்றால் இருக்கிறது. வங்கி கடன் கொடுத்த நர்மதை அணைக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1993-இல் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், உங்கள் மொழியிலேயே எழுதலாம், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். முதலில் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டதற்கான கடிதம் கையில் இருக்கட்டும், அதைத்தான் முதலில் கேட்பார்கள். ‘வங்கி கொடுமை செய்கிறது’ என்று எழுதாமல், எந்த நிலம், எந்தப் பயிர், எப்போதிருந்து போனது என்று எழுதுங்கள். நஷ்டஈடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்குக் கிடையாது, இதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

ஐஎம்எஃப்பில் அந்த அளவுகூட இல்லை. அங்கே இருக்கிற மதிப்பீட்டு அலுவலகம் தனிமனிதர்களின் புகாரை விசாரிப்பதில்லை. பெரிய ஓட்டை அதுதான்.

கேள்வி: கோர்ட்டுக்குப் போனால்?

பதில்: குஜராத்தின் முந்த்ராவில், அனல் மின்நிலையத்தின் சூடான நீரால் மீன்பாடு குறைந்தது என்று மீனவர்கள் போனார்கள். எதிர்த்தரப்பு, 45 கோடி டாலர் கடன் கொடுத்த உலக வங்கிக் குழும நிறுவனமான ஐஎஃப்சி. 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்குரிமை இல்லை என்று 7-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. கதவு திறந்ததே என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் வழக்கு கீழ்நீதிமன்றங்களுக்குத் திரும்பிய பிறகு, 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குக்கு அடிப்படையான செயல் அமெரிக்காவில் நடந்ததல்ல என்று சொல்லி முடித்துவிட்டது.

கேள்வி: அப்போ எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும் சொல்லுங்க.

பதில்: கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பாருங்கள், பிறகு பிடி குறைவு. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப வையுங்கள். ஐஎம்எஃப் ஆவணங்களில் ‘சமூகச் செலவுக்குக் குறைந்தபட்ச வரம்பு’ என்று ஒரு வரி வரும், அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பட்ஜெட் பற்றாக்குறை இலக்கைத் தவறவிட்டால் கடனின் அடுத்த தவணை நிற்கலாம், ஆனால் சமூகச் செலவு பெரும்பாலும் தவறினாலும் தவணை தானாக நிற்காத வகை இலக்காகத்தான் இருக்கும். எந்த இலக்கு இதில் எந்த வகை என்பதை நிதியமைச்சரிடம் எழுத்தில் கேளுங்கள்.