தொழிற்சாலை மாசை எதிர்ப்பவர்கள் வாளியில் காற்றுப் பிடிப்பது எதற்கு?

மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை இருக்கும். வாளியில் உள்ள காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சினால், வெளிக்காற்று பைக்குள் வந்து நிறையும். அதை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஏன் இந்தப் பாடு? நாற்றம் நள்ளிரவில் வரும், அதிகாரி மறுநாள்தான் வருவார். டாக்டரிடம் போவதற்குள் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி. அடிக்கும்போதே தெர்மாமீட்டர் வைத்தால்தான் ஆதாரம்.

அமெரிக்காவின் லூசியானாவில், நார்கோ ஊரில், ஷெல் நிறுவனத்தின் ரசாயன ஆலை வேலிக்கு 25 அடியில் குடியிருந்த ஆசிரியை மார்கி ரிச்சர்ட் இப்படித்தான் காற்றைப் பிடித்துக் காட்டினார். பல வருடம் விடாமல் போராடினார். 2002இல் அப்பகுதி வீடுகளை வாங்கிக்கொண்டு, மக்கள் வேறிடம் போக வழிசெய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2004இல் அவருக்குச் சுற்றுச்சூழல் போராளிகளுக்குத் தரும் கோல்ட்மேன் விருது, தகும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராம மக்களும் பிறகு இதே வாளியை எடுத்தார்கள்.

"விஞ்ஞானம் தெரியாதவர்கள் செய்யும் சோதனை" என்று சிலர் ஒதுக்குகிறார்கள். மக்கள் மாதிரி எடுப்பதோடு சரி, சோதிப்பது ஆய்வகம்.