மறு: பதிவு போட்டால் காசு தரும் செயலியில் சேரலாமா?

தம்பி, பதிவுக்கும் லைக்குக்கும் காசு தருகிற அந்தப் புதுச் செயலியில் சேர 5,000 ரூபா கேட்கிறார்கள், மச்சான் கட்டிவிட்டான், நானும் கட்டவா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாதீர்கள். சம்பளம் தருகிறவன் முதலில் உங்களிடம் காசு வாங்குவானா? புதிதாக வருகிறவர்களின் காசுதான் பழையவர்களுக்குப் போகும். ஆள் வரத்து நின்றால் கடை பூட்டு.

சேரக் காசு கேட்காத ஒன்றில் நானும் மூன்று மாதம் மினக்கெட்டேன். 50 டொலர் சேர்ந்தால் எடுக்கலாம் என்றார்கள். 46 ஆனதும் எல்லையை 100 ஆக்கிவிட்டார்கள். டேட்டாவுக்குப் போட்ட காசுதான் நட்டம்.

எல்லாமே பொய் என்றும் சொல்லவில்லை. சூ என்ற தளம் 2014இல் வந்து, விளம்பர வருமானத்தில் 90 சதவீதம் பயனர்களுக்கே என்றது. நல்ல எண்ணம்தான், ஆனால் 2016இல் மூடிவிட்டார்கள்.

நீங்கள் திருநெல்வேலிச் சந்தையில் எடுத்த வீடியோக்களை யூடியூபிலேயே தொடருங்கள். விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். நீள வீடியோ என்றால் வீடியோ ஓடும் பக்கத்தில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. மெதுவாகத்தான் வரும், அதை நம்பி வேலையை விடாதீர்கள். வருமானம் 10 டொலர் தாண்டியதும் முகவரியை உறுதிப்படுத்தத் தபாலில் ஓர் இலக்கம் வரும். வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கைப் பெயரையும் சரியாகக் கொடுங்கள். என் கடிதம் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு கிழமை கிடந்தது. கையில் காசு வர 100 டொலர் சேர வேண்டும்.

அப்புறம், மச்சானிடம் செயலித் திரையைக் காட்டச் சொல்லாதீர்கள். வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.